டோர்ச் அடிக்காத பெட்டி

ஸப்வான் கத்தரிக்கோல் கேட்டுக் குசினிக்குள் வந்தபோது ஜவாஹிறா சின்ன உரலில் கற்பூரம் இடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் இருந்து வந்த இரண்டு பேரும் மையத்தைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். இனி உடலைச் சுற்றும் கபன் துணியை அளந்து வெட்டத்தான் கத்தரி.

"உம்மா, கத்தரி எங்க ஈக்கு?"

"அந்தா, தட்டுக்குப் பக்கத்துல தொங்குது."

"இது மீன் வெட்டுறது. மணக்குது."

மீன் வெட்டிய கத்தரியால் மனுசனின் கபனை வெட்டுவதா. அதுவும் அவளுடைய புருசன் ஹமீட்டின் கபனை. மேசையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால் அதைத் துடைத்து முடியும்வரை தேத்தண்ணியைத் தொடாத மனுசன் அவர். ஜவாஹிறா உலக்கையை வைத்துவிட்டு, கழுத்தில் நூலில் தொங்கிய திறப்பைக் கழற்றி மகனிடம் நீட்டினாள்.

"வாப்பாட ரூம்ல, மேச லாச்சிக்குள்ள நல்ல கத்தரி ஒண்டு ஈக்கு. எடுத்துட்டுப் பூட்டிருங்க."

அவன் போனான். அவள் மறுபடியும் இடித்தாள். அந்த அறையின் கதவு கிறீச்சென்று திறந்த சத்தமும், அதன் பின்னால் ஹமீட்டின் கூட்டாளி சுந்தரலிங்கத்தின் குரலும் கேட்டபோதுதான், திறப்பைக் கொடுத்தது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கியது. கற்பூரம் எப்போதோ தூளாகிவிட்டது. கை மட்டும் சும்மா இடித்துக்கொண்டிருந்தது.

ஹமீட் அன்று விடிய, சுபஹு பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், களுபோவில ஆஸ்பத்திரியில் மவுத்தானார். ஒன்பது நாள் அங்கே கிடந்தார். காலை பத்து மணிக்கு வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜாவத்தை மையவாடியில் அடக்கம். அறுபத்தெட்டு வயது.

முப்பத்தொரு வருசம் அளவை நிறுவைப் பரிசோதகராக இருந்தவர். கடைகடையாய்ப் போய்த் தராசையும் படிக்கல்லையும் பிடித்துப் பார்ப்பது வேலை. கொட்டாஞ்சேனையில் அவர் தலை தெரிந்தாலே பாதிக் கடைக்காரர் தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாண வீட்டில் கூடி இருந்து தின்னும் சஹன் தட்டில் ஆளுக்கு எத்தனை இறைச்சித் துண்டு என்று எண்ணிவிட்டுத்தான் கை வைப்பார் என்று மதினி, அவருடைய மூத்த சகோதரி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு ஒரே ஒரு பைத்தியம், குறி பார்த்துச் சுடுவது. காட்டில் மிருகத்தைச் சுடுகிற வேலையல்ல. சூட்டுக் கழகத்தில், இருபத்தைந்து மீற்றர் தள்ளித் தொங்குகிற கடதாசியைச் சுடுவது. துப்பாக்கி கழகத்தின் இரும்பறையிலேயே கிடக்கும். வீட்டுக்கு வருவது தோட்டாவின் பித்தளைக் கோதும் ஈயக் குண்டும் வெடிமருந்தும் மட்டும்தான். அதற்கும் முத்திரை குத்திய அனுமதிக் கடதாசி உண்டு. கடைத் தோட்டாவில் ஒன்றுக்குள் மருந்து கூட இருக்கும், ஒன்றுக்குள் குறைய இருக்கும், அதனால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், கை நேராக இருந்து என்ன பிரயோசனம் என்பார். ஆகவே சுட்டு முடித்த கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மருந்தைத் தராசில் நிறுத்துத் தானே நிரப்புவார். "எல்லாம் ஒரே மாதிரி ஈக்கோணும். கூடவும் படாது, கொறயவும் படாது." கலியாணம் முடித்த இந்த முப்பத்தெட்டு வருசத்தில் ஜவாஹிறா இதை எத்தனை தரம் கேட்டிருப்பாளோ. ரொட்டி மாவு குழைக்கும்போதும் அதைத்தான் சொல்வார்.

நாலு வருசத்துக்கு முன்னால் அவருடைய வலக்கை ஆடத் தொடங்கியது. டொக்டர் வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னார், குளிசை தந்தார், கை நிற்கவில்லை. சுடுவதை விட்டார். ஆனால் கழகத்தில் அவருடைய மதிப்புப் போகவில்லை, தோட்டா இருந்தபடியால். தெமட்டகொடையில் இருந்து வருகிற சுதர்சினி என்ற பிள்ளை ஹமீட்டின் தோட்டாவைத் தவிர வேறு எதையும் கையால் தொடாது. அதை வைத்துத்தான் போன வருசம் ஒரு பெரிய போட்டியில் மெடல் எடுத்தது. "ஹமீட் நானாட கை", ஹமீட் அண்ணனின் கை, என்று கழகத்தில் ஒரு பேச்சே உண்டு. அந்தக் கை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி சாரத்தில் கொட்டும். இது கழகத்துக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் அங்கே தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் காலை மேசை முழுக்க மருந்து சிந்திக் கிடக்க, அவர் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜவாஹிறா மேசையைத் துடைத்தாள். அவள் மணப்பெண் சட்டைகளுக்குப் பாசிமணி தைத்துத் தைத்து மகனைப் படிப்பித்தவள். ஊசிக் கண்ணுக்குள் நூல் போகாத நாள் அவள் வாழ்க்கையில் இல்லை. "எப்பிடி எண்டு காட்டுங்க," என்றாள்.

அன்றையிலிருந்து நிரப்புவது அவள். ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் கோதுகளை வாய் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ்வின் பெயரால் ஒரு பிஸ்மி சொல்லி மருந்தைக் கொட்டுவாள். ஈயம் வைத்து மூடுவதற்கு முன்னால் ஹமீட் ஒரு சின்ன டோர்ச்சை இடக்கையில் எடுத்து, ஐம்பது வாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். அவருக்கு மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். அதை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றில் மருந்து இரண்டு தரம் விழுந்திருந்தால் துப்பாக்கியே பிளந்துவிடும். விரல் போகும், கண் போகும்.

"ஒருத்தருக்கும் செல்லாதீங்க, ஜவா," என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். அவள் மகனுக்குக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த அறை வாசலில் நின்று ஸப்வானோடு கதைக்கிறவர் சுந்தரலிங்கம், கழகத்தின் செயலாளர். ரயில்வேயில் வேலை செய்தவர். இரத்மலானையில் வீடு. செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

ஜவாஹிறா கற்பூரத்தை மதினியிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் இருக்கும் அறைக்கு வந்து வாசல் திரைக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். வெள்ளை உடுத்தாகிவிட்டது. இனி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா, பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். முப்பது வருசம் இவள் ஆக்கிய சோறு தின்ற சுந்தரலிங்கம்கூட இனித் திரைக்கு அந்தப் பக்கம்தான். பாயில் அவளுக்குப் பக்கத்தில் சுதர்சினி, ஆரோ கொடுத்த சால்வையால் தலையை மூடிக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு இருந்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை.

திரைக்கு அப்பால் சுந்தரலிங்கத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, இதுகளை இண்டைக்கே நான் கொண்டு போகோணும். ஆள் இல்லையெண்டால் சாமான் ஒரு நாளும் வீட்டில இருக்கப்படாது எண்டு எங்கட கழகத்தில விதி. அந்த விதியை எழுதினதே உங்கட வாப்பாதான்."

"எடுங்க அங்கிள். எங்களுக்கு எதுக்கு."

"மருந்து டின் ரெண்டு. தராசு. இதென்ன, நிரப்பின பெட்டி." பெட்டியைத் திருப்பும் சத்தம். "இந்தா பார், தன்ர கையாலயே திகதி எழுதி ஒட்டியிருக்கிறார். இதுதான் தம்பி கடைசிப் பெட்டி. சனிக்கிழமை எங்கட போட்டி இருக்கு. ஹமீட் நானாட பேரில அஞ்சு பேர் ஆளுக்குப் பத்து வெடி, இந்தப் பெட்டியிலதான். முதல் வெடி சுதர்சினி."

பக்கத்தில் இருந்த பிள்ளை தன் பெயரைக் கேட்டுச் சால்வையால் கண்ணைத் துடைத்தது. ஜவாஹிறா அதன் வலக்கையைப் பார்த்தாள். மெலிந்த கை, சுட்டுவிரலில் ஒரு சின்ன மோதிரம்.

பத்து நாளைக்கு முன்னால் நடந்தது அது. முப்பது, முப்பத்தைந்து கோது நிரப்பியிருப்பாள். கதிரையில் இருந்த ஹமீட்டுக்குத் திடீரென்று இருமல் பிடித்தது, மூச்சு நின்றது, ஆள் அப்படியே சரிந்தார். ஜவாஹிறா மருந்தளக்கும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டார் வந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். மூச்சு வந்து ஆள் கண் திறந்தபோது பகல் இரண்டு மணி. கண் திறந்ததும் கேட்டது, "ஜவா, லிங்கம் சனிக்கிழம வருவான். முடிஞ்சா?"

அவரைச் சந்தோசப்படுத்தத்தான் அவள் மேசைக்குத் திரும்பினாள். பலகை விட்டபடியே இருந்தது. ஆனால் கடைசியாக எந்தக் கோதுக்கு மருந்து போட்டாள்? கரண்டி கையில் இருந்தபோது பிஸ்மி சொல்லி முடிந்ததா, இனித்தான் சொல்ல இருந்தாளா? ஞாபகம் இல்லை. இதுதான் என்று ஒரு கோதைப் பிடித்துத் தொடர்ந்தாள். காது முழுக்க அடுத்த அறையில் அவருடைய மூச்சில் இருந்தது. ஐம்பதையும் நிரப்பி, ஈயம் வைத்து, அமத்தி மூடிவிட்டாள்.

"டோர்ச் அடிச்சா?" என்று கட்டிலில் இருந்து குரல்.

டோர்ச் அவருடைய கதிரையில் கிடந்தது.

"ஓ, அடிச்ச," என்றாள்.

அதுவரைக்கும் அவள் புருசனிடம் சொன்ன பொய்யெல்லாம் சாரி விலையைப் பற்றியவைதான். அவர் நம்பினார். பென்சில் கேட்டு வாங்கி, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆடிய எழுத்தில் திகதியை எழுதினார். அதன் பிறகு அவள் மிஞ்சிய மருந்தை நிறுத்துப் பார்த்தாள். ஒரு கரண்டி குறைந்தது. ஓடும்போது மேசையிலும் கொஞ்சம் சிந்தித்தான் இருந்தது. சிந்தியதா, ஒரு கோதுக்குள் இரண்டு தரம் விழுந்ததா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். நாளைக்கு ஐம்பதையும் கழற்றுவோம் என்று பெட்டியைச் சுவர்த் தட்டில் வைத்தாள். அன்று பொழுதுபட்டு மஃரிபுக்கே களுபோவில ஆஸ்பத்திரி. நாளை வரவில்லை.

ஜவாஹிறா திரையை ஒரு விரலால் விலக்கி மகனைக் கூப்பிட்டாள்.

"ஸப்வான், அங்கிளுக்குச் செல்லுங்க, அந்த நெரப்பின பெட்டி சரியில்லயாம். சனிக்கிழமைக்கு எடுக்க வாணாம். கழட்டிறச் செல்லுங்க."

"வாப்பா சென்னாரா?"

அவள் தயங்கினாள். "ஓ எண்டு செல்லுங்களே."

ஸப்வான் போய்ச் சொன்னான். சுந்தரலிங்கம் பெட்டியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, துக்க வீட்டில் ஒரு பெண்ணின் மனம் நோகக் கூடாது என்ற அக்கறையோடு சொன்னார்.

"தம்பி, அம்மாவுக்கு இதை இங்கயே வச்சிருக்க விருப்பம் போல. எனக்கு விளங்குது. ஆனால் ஏலாது. ஹமீட் நானாட பெட்டியில பிழையோ? முப்பது வருசத்தில ஒரு தோட்டா பிழைச்சதில்லை. ஆஸ்பத்திரியில இருந்து எனக்குக் கோல் எடுத்துத் தன்ர வாயாலயே சொன்னவர், லிங்கம், அம்பதும் சரி, டோர்ச் அடிச்சுப் பாத்தாச்சு எண்டு."

ஜவாஹிறா கண்ணை மூடினாள். அவளுடைய பொய் ஹமீட்டின் வாயில் ஏறி, போனில் போய், இரத்மலானையைச் சுற்றிக்கொண்டு இப்போது அவளுடைய வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"பயமெண்டால் கழகத்தில வச்சு ஒவ்வொண்டா நிறுத்துப் பாக்கிறம்," என்றார் சுந்தரலிங்கம்.

நிறுத்தால் தெரியாது. கோதுக்குக் கோது பித்தளை தடிப்பு வேறு, ஈயமும் அப்படித்தான். அரிசிச் சாக்கை நிறுத்துவிட்டு உள்ளே ஒரு பிடி கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியுமா. இதைச் சொன்னவரும் ஹமீட்தான். நிறுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று இவர்கள் சனிக்கிழமை இந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். அது முதல் வெடி வைக்கும்.

ஒருவேளை ஒன்றும் இருக்காது. சிந்தியதாகத்தான் இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் ஹமீட் அசருக்குப் பிறகு, முப்பது வருசம் பிழைக்காத கையோடு மண்ணுக்குள் போவார். அவர் அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அவர் பிழை விட்டார் என்று சொல்லிப் பெட்டியைத் தடுக்கலாம். அந்தப் பழியைப் போடத்தான் மையத்தைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறதா? பிழை அவருடையதல்லவே. ஜவாஹிறாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, தன் மேலேயே.

அவள் எழுந்து திரையை ஒட்டி நின்றாள்.

"லிங்கம் தம்பி."

கூடத்தில் குசுகுசுப்பு நின்றது. உள்ளே மதினி அவளுடைய சீலையைப் பிடித்து இழுத்தாள். "ஜவாஹிறா, என்ன வேல இது. ஆம்புளயள்ட கதைக்குள்ள."

"விடுங்க மதினி." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "லிங்கம் தம்பி, அந்தப் பெட்டிய அவர் நெரப்பல்ல. நான் நெரப்பின."

மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம்தான்.

"நாலு வருசமா நான்தான். அவருக்குக் கை ஏலா. நெரப்புறது நான், டோர்ச் அடிச்சுப் பாக்குறது அவர். அவர் பாத்தபடியாத்தான் ஒண்டும் பிழைக்கல்ல. அண்டைக்கு அவருக்கு ஏலாமப் பெய்த்து. அவர் பாக்கல்ல. கேட்டார், நான் பாத்த எண்டு பொய் சென்ன. ஒண்டுக்குள்ள மருந்து ரெண்டு தரம் விழுந்தீக்கும் எண்டு எனக்குப் பயமா ஈக்கு."

"உம்மா," என்றான் ஸப்வான்.

சுந்தரலிங்கம் திரைக்குக் கிட்ட வந்தார். "நாலு வருசமோ அக்கா?"

"ஓ."

"சுதர்சினி மெடல் எடுத்த பெட்டி?"

"அதுவும்."

பாயில் இருந்த சுதர்சினி அண்ணாந்து அவளைப் பார்ப்பது ஜவாஹிறாவுக்குத் தெரிந்தது. அவள் குனியவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஆள் நிலத்தில் குந்தும் சத்தம், முழங்கால் நெட்டி முறிகிற சத்தம். திரைக்குக் கீழால் அந்தக் கடதாசிப் பெட்டி இரண்டு கையாலும் தள்ளப்பட்டு உள்ளே வந்தது. பின்னால் தராசும் வந்தது.

"அப்ப கழட்டுறதும் நீங்கள்தான் அக்கா," என்றார். "நான் மையவாடிக்குப் போட்டு வாறன். கழட்டாம இதில ஒண்டும் வீட்டை விட்டு வெளிக்கிடாது." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துக் கேட்டார். "வெளியில எங்கட ஆக்கள் ஏழு பேர் நிக்கினம். அவையளுக்கு என்ன சொல்ல?"

இதற்குத்தான் அவள் பயந்தாள்.

"உள்ளதச் செல்லுங்க," என்றாள்.

முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டபோது அவள் கடைசியாகப் போனாள். கபனுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. அத்தரும் அவள் இடித்த கற்பூரமும் மணத்தன. நாலு வருசத்தில் முதல் தரம் அவர் முழுசாக ஆடாமல் இருக்கிறார். அவள் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"டோர்ச் அடிக்கல்ல. பொய் சென்ன. செல்லாதீங்க எண்டத்தயும் செல்லிட்டன். மாப் பண்ணுங்க."

அப்போது அழுதாள், நன்றாக. மதினி பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அசர் பாங்கு சொல்ல முன்னமே மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையால் போய், காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ் சத்தத்தோடு கலந்து மறைந்தது. வீட்டில் பெண்கள் மட்டும்தான். ஜவாஹிறா முகத்தைக் கழுவிவிட்டுக் குசினியில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தோட்டா கழற்ற ஹமீட்டிடம் ஒரு சாமான் இருந்தது. பார்க்கச் சுத்தியல் மாதிரி இருக்கும். தலைக்குள் தோட்டாவை மாட்டிக் கல்லில் தட்டினால் ஈயம் கழன்று, மருந்து உள்ளேயே கொட்டும். எது எப்போது நிரப்பியது என்று பெட்டியில் ஒழுங்கில்லை, கைக்கு வந்த முதலாவதை மாட்டித் தட்டினாள்.

மதினி தஸ்பீஹ் மணியோடு வந்து நின்றாள். "மையத்து வாசலத் தாண்டி அஞ்சு நிமிசம் ஆகல்ல. டக்கு டக்கெண்டு தட்டினா சனம் என்ன செல்லும்?"

"சனம் செல்லட்டும் மதினி. இந்தப் புள்ளைக்கு விரல் பத்துத்தான் ஈக்கு."

சுதர்சினி கேட்காமலே வந்து எதிரில் இருந்து, தராசைத் தன் பக்கம் இழுத்து வைத்தது. ஜவாஹிறா கழற்றக் கழற்ற, அது மருந்தைத் தட்டில் கொட்டி நிறுத்து, ஒரு போத்தலுக்குள் மாற்றியது. வெறும் கோதைப் பலகையின் குழியில் வைத்தது. பத்து முடிந்தது. இருபது முடிந்தது. நிறை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது, நூல் பிடித்த மாதிரி.

"நான் ஒவ்வொரு தடவையும் அங்கிளுக்குத்தான் தேங்க்ஸ் சொன்னேன் ஆன்ட்டி," என்றது பிள்ளை, தராசைப் பார்த்தபடி.

"அவர் வந்து எனக்குச் செல்லுவார். குசினி வாசல்ல நிண்டு, அஞ்சும் ஒரே ஓட்டையில எண்டுவார். கச்சான் கடலயும் வாங்கி வருவார், ரெண்டு சரை, எனக்கு ஒண்டு."

"அங்கிள் வாங்குறத பாத்திருக்கேன். ஏன் ரெண்டுன்னு கேட்டா சிரிப்பாரு."

ஜவாஹிறா இருபத்தெட்டாவதை மாட்டினாள். மதினி போகாமல், வாசலில் முக்காலியைப் போட்டு இருந்து மணி உருட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தத்துக்கும் மணிக்கும் எப்படியோ ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

முப்பத்தைந்து. முப்பத்தாறு. நாற்பதும் சரியாகவே இருந்தது. சுதர்சினி மெதுவாகச் சொன்னது, "எல்லாமே சரியாத்தான் இருக்கு ஆன்ட்டி. சிந்தினதாத்தான் இருக்கும். நீங்க சும்மா பயந்திட்டீங்க. மிச்சத்த நான் பாக்கிறேன், நீங்க போய் கொஞ்சம் சாஞ்சுக்கங்க."

ஒரு கணம் ஜவாஹிறாவின் கை நின்றது. சும்மாவா. ஒன்றுமில்லாத ஒன்றுக்கா அத்தனை பேருக்கு முன்னால் அவருடைய மானத்தை எடுத்து விரித்தாள். பிஸ்மி சொல்லி நாற்பத்தொன்றாவதைத் தட்டினாள்.

சுதர்சினி மருந்தைத் தட்டில் கொட்டியது. தராசைப் பார்த்தது. தட்டை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி பார்த்தது. கறுத்த மருந்து தட்டில் மற்றவற்றைவிட உயரமாகக் குவிந்திருந்தது. தராசு தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. சரியாக இரண்டு பங்கு.

பிள்ளை தன் வலக்கையை மெல்ல இழுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டது.

மதினியின் மணியும் நின்றிருந்தது. அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள், விளங்கியும் விளங்காமலும். பிறகு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஜவாஹிறா நாற்பத்திரண்டாவதை எடுத்தாள். மிச்சம் ஒன்பதையும் கழற்றாமல் விட முடியாது. ஒன்று பிழைத்த இடத்தில் இன்னொன்று பிழைத்திருக்கலாம் என்பார் ஹமீட். ஒன்பதும் சரியாக இருந்தன.

ஆண்கள் திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம், வாளியில் தண்ணீர் மொண்டு கால் கழுவும் சத்தம். ஜவாஹிறா பலகையைத் தூக்கிக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்து இருந்தாள்.

"அக்கா," என்றார் சுந்தரலிங்கம் அந்தப் பக்கத்தில் இருந்து. "இருந்ததோ?"

"ஒண்டு."

அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போய் முடிந்தது.

"எங்கட ஆக்களுக்குச் சொன்னனான் அக்கா. மண் போட்டு முடிய, மையவாடி வாசல்ல வச்சுச் சொன்னனான்."

அவள் திரையின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டாள். "என்ன சென்னாங்க?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. வேன்ல ஏறினாப் பிறகு ஒராள் மட்டும் கேட்டார், அப்ப இனி டோர்ச் அடிக்கிறது ஆர் எண்டு."

ஜவாஹிறா திரும்பிப் பார்த்தாள். ஹமீட்டின் அறைக் கதவு காலையில் திறந்தபடியே கிடந்தது. எழுந்து போய், அவருடைய கதிரையில் பத்து நாளாகக் கிடந்த டோர்ச்சை எடுத்து வந்தாள். பெற்றறி பலவீனம், மஞ்சளாகத்தான் எரிந்தது. இடக்கையில் அதைப் பிடித்து, பலகையில் வாய் மேலே பார்க்க நின்ற ஐம்பது கோதுக்குள்ளும், முதல் வரிசையில் இருந்து ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். சுந்தரலிங்கம் அந்தப் பக்கத்தில் பொறுத்திருந்தார்.

ஐம்பதும் வெறுமையாக இருந்தன. "டோர்ச் அடிச்ச, தம்பி," என்று பலகையைத் திரைக்குக் கீழால் மெல்லத் தள்ளினாள்.